கேள்வி நேரம்: கார்டின் குறியீடும் கடைக் கணக்கும்

ரேஷன் கடை, குடும்ப அட்டை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, வழங்கல் துறை நடைமுறை தெரிந்தவர்களிடம் கொடுத்திருந்தோம். அவர்கள் தந்த பதில்கள் இவை. எல்லாமே தமிழ்நாட்டு அட்டைகளுக்கானவை.

எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் ஐந்து பேர், பக்கத்து வீட்டிலும் ஐந்து பேர். அவர்களுக்கு மாதம் 25 கிலோ அரிசி, எங்களுக்கு 20 கிலோ. கேட்டால் “உங்க கார்டு அப்படி” என்கிறார் கடைக்காரர். இது என்ன கணக்கு?
– வாசகி, செய்யாறு

கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் அரை வரியோடு நிறுத்திக்கொண்டார். உங்கள் ஸ்மார்ட் கார்டை எடுத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளில் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். கடையில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை முக்கால்வாசி முடிவு செய்வது அதுதான்.

பி.எச்.எச். என்றிருந்தால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏ.ஏ.ஒய். சேர்ந்திருந்தால் மிக ஏழைகளுக்கான அந்தியோதயா. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமையற்ற அரிசி அட்டை. அதன் பின்னால் எஸ். என்று வந்தால் சர்க்கரை அட்டை, என்.சி. என்று வந்தால் எந்தப் பொருளும் இல்லாத அட்டை.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. தமிழ்நாட்டில் 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்துக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 5 கிலோ. அந்தியோதயா என்றால் வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் 35 கிலோ. இந்த இரண்டு பட்டியலிலும் இடம்பெறாதவர்களுக்கு இந்தச் சட்டப்படி உரிமை கிடையாது. தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனை விடவில்லை. 2011 ஜூன் 1 முதல் தந்துவரும் விலையில்லா அரிசியை, முன்னுரிமை இல்லாத அட்டைகளுக்கும் மாநிலச் செலவில் தொடர்ந்தது. ஆனால் அவர்களுக்குப் பழைய ‘யூனிட்’ கணக்குதான். பெரியவர் ஒரு யூனிட், சிறு பிள்ளை அரை யூனிட். ஒரு யூனிட்டுக்கு 12 கிலோ, ஒன்றரைக்கு 14, இரண்டுக்கு 16, இரண்டரைக்கு 18, மூன்றும் அதற்கு மேலும் 20 கிலோ. அந்த 20-தான் உச்சவரம்பு. ஆகவே நான்கு பெரியவர்கள் என்றால் இரண்டு வகை அட்டைக்கும் அதே 20 கிலோதான். ஐந்தாவது ஆள் வந்ததும் கணக்கு பிரிகிறது. அவர்களுக்கு 25, உங்களுக்கு அதே 20. ஏழு பேர் இருந்தால் 35-க்கும் 20-க்கும் இடையே 15 கிலோ போய்விடும். பெரிய குடும்பம்தான் இதில் அடிபடுகிறது.

துவரம் பருப்பும் பாமாயிலும் இந்தப் பிரிவைப் பார்ப்பதில்லை. அரிசி அட்டைகளுக்கெல்லாம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை ஆளுக்கு அரை கிலோ, அட்டைக்கு அதிகபட்சம் 2 கிலோ, கிலோ 25 ரூபாய். அந்தியோதயா அட்டைக்கு மட்டும் 13 ரூபாய் 50 காசு. அரிசி வேண்டாம் என்று சர்க்கரை அட்டை எடுத்தவர்களுக்குக் கூடுதலாக 3 கிலோ சர்க்கரை.

முன்னுரிமைக்கு மாற வழி உண்டா என்றால், உண்டு. ஆனால் இணையதளத்தில் பொத்தானை அழுத்தி மாறிவிட முடியாது. வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு கொடுக்க வேண்டும். சென்னையில் மண்டல உதவி ஆணையர் அலுவலகம். 2017-இல் வந்த மாநில விதிகள் யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்று சொல்கின்றன. வருமான வரி அல்லது தொழில் வரி கட்டுபவர், அரசு ஊழியர், ஓய்வூதியர், ஐந்து ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர், சொந்த உபயோகத்துக்கு நான்கு சக்கர வாகனமோ வீட்டில் ஏ.சி.யோ வைத்திருப்பவர், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டியவர் ஆகியோருக்கு இடமில்லை. குடும்பத் தலைவி விதவை, கணவரால் கைவிடப்பட்டவர், மாற்றுத்திறனாளி, முதியோர் உதவித்தொகை பெறுபவர் என்றிருந்தால் வாய்ப்பு அதிகம். “ஏழைக் குடும்பம், கருணை காட்டுங்கள்” என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட, உதவித்தொகை ஆணையின் நகல், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வருமானச் சான்று என்று எது இருக்கிறதோ அதை இணைத்து நான்கு வரி எழுதுங்கள். ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணைக்கு வரும்போது அவர் எழுதும் குறிப்புக்கு ஆதாரமாக நிற்பது இந்தக் காகிதங்கள்தான்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறோம். விலக்கும் பட்டியலில் நீங்கள் இருந்தால் 20 கிலோ அரிசியும் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. அந்தப் பட்டியல் முன்னுரிமைக்கானது மட்டுமே.

மாதக் கடைசியில் கடைக்கே போகவில்லை. ஆனால் சர்க்கரை, பருப்பு, பாமாயில் வாங்கியதாக போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. கைரேகை வைக்காமல் எப்படிப் பில் போட முடியும்?
– வாசகர், திண்டுக்கல்

இரண்டு வழியில் நடக்கிறது. மாதத் தொடக்கத்தில் அரிசிக்காக உங்கள் வீட்டில் யாராவது விரல் வைத்திருப்பார்கள். அந்த ஒரே பதிவில் எல்லாப் பொருளுக்கும் பில் போட்டுவிட்டு, “பருப்பு ஸ்டாக் வரல, அப்புறம் வாங்க” என்று அனுப்பிவிடுவது ஒரு வழி. விரல் விழாதவர்களுக்காக வைத்திருக்கும் மாற்று வழியில், கார்டை மட்டும் ஸ்கேன் செய்து பில் போடுவது இன்னொன்று. உங்களுக்கு மாதக் கடைசியில் செய்தி வந்திருப்பதால் இரண்டாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கார்டைக் கடையில் கொடுத்து வைத்திருந்தீர்களா, நகல் யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள்.

செய்ய வேண்டியது இது. எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். பில் எண், தேதி, பொருள், அளவு எல்லாம் அதிலேயே இருக்கும். அன்றைக்கே 97739 04050 என்ற எண்ணுக்கு, ஆங்கிலத்தில் பி.டி.எஸ். என்று தட்டி, இடைவெளி விட்டு 107 என்று அனுப்புங்கள். தவறான பில்லைத் தெரிவிக்க வைத்த குறியீடு அது. பதிவு செய்த போனிலிருந்துதான் போக வேண்டும். பிறகு 1967 அல்லது 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் எழுதி வட்ட வழங்கல் அலுவலரிடம் ஒரு மனு. மனுவில் கடைக் குறியீட்டு எண், கார்டு எண், பில் எண் மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பில் போட்டது யார், எந்த நேரத்தில், விரலா, ஓ.டி.பி.யா, கார்டு ஸ்கேனா என்பதெல்லாம் கருவியில் பதிவாகிறது. அதனால் அலுவலகம் பார்க்க நினைத்தால் பத்து நிமிஷ வேலை. பெரும்பாலும் கடைக்காரர் வீட்டுக்கே வந்து பொருளைக் கொடுத்துவிட்டு, “புகாரை வாபஸ் வாங்கிக்குங்க” என்பார். பொருளை வாங்கிக்கொள்ளலாம், அது உங்களுடையது. புகாரை வாபஸ் வாங்குவது உங்கள் விருப்பம். வாங்க வேண்டாம் என்பது எங்கள் எண்ணம்.

இனிமேலுக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். விரல் வைக்கும் முன்பே “என்னென்ன ஸ்டாக் இருக்கு, எதுக்குப் பில் போடறீங்க?” என்று கேளுங்கள். இல்லாத பொருளுக்குப் பில் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாதத்துக்குள் இன்னொரு முறை விரல் வைத்து வாங்கிக்கொள்ளலாம், தடை எதுவும் இல்லை.

என் அம்மாவுக்கு 74 வயது, தனியாக இருக்கிறார். காலமெல்லாம் சித்தாள் வேலை பார்த்தவர். கடை மெஷினில் கைரேகை விழவே இல்லை. நான் வேறு ஊரில் இருக்கிறேன்.
– வாசகி, விருத்தாசலம்

சுண்ணாம்பு, சிமென்ட், சலவை சோடா ஆகியவற்றில் பல வருஷம் புழங்கிய விரல்களில் ரேகை தேய்ந்துவிடும். வயதானால் தோல் வறண்டு, இருக்கும் கோடுகளும் கண்ணாடியில் சரியாகப் படியாது. மெஷின் பழுது என்று பலர் நினைப்பது இதைத்தான்.

முதலில் எளிய வைத்தியம். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கும். கடையில் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். மோதிர விரல், சுண்டு விரலில் தேய்மானம் குறைவு. அவற்றையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போவதற்கு அரை மணி முன்பு கையைக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, எண்ணெய்ப் பசை போகுமளவு மறுபடி துடைத்துவிட்டால் வறண்ட தோல் கொஞ்சம் இளகும். கண்ணாடியில் விரலை அழுத்தினால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெதுவாக, தட்டையாக வைக்க வேண்டும். முன்னால் வைத்தவரின் ஈரம் கண்ணாடியில் இருந்தாலும் விழாது. துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அதற்கும் விழவில்லை என்றால் கருவிழி ஸ்கேனர் இருக்கிறதா என்று கேளுங்கள். கண்புரை அறுவை ஆனவர்களுக்கு அதுவும் சில சமயம் ஏற்காது. அடுத்தது ஓ.டி.பி. இது ஆதாரோடு இணைத்த போன் எண்ணுக்குத்தான் வரும். அந்த எண் உங்களிடம் இருந்தால், அம்மா கடையில் நிற்கும்போது நீங்கள் போனை எடுத்து எண்களைச் சொல்ல வேண்டியிருக்கும். இந்த மூன்றும் இல்லாவிட்டாலும் கார்டை ஸ்கேன் செய்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் பொருள் தர வழி இருக்கிறது. கைரேகை விழவில்லை என்பதற்காகப் பொருள் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. அப்படி அனுப்பினால் அது புகாருக்கு உரியது.

நடக்கவே முடியாதவராக இருந்தால், அவருக்குப் பதில் வாங்கி வர ஒருவரை நியமிக்கலாம். அதற்கான அங்கீகாரப் படிவத்தில் அம்மாவின் விவரம், வாங்கி வருபவரின் ஆதார் எண், காரணம் ஆகியவற்றை எழுதி வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அதே கடையில் கார்டு உள்ள பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் நடைமுறையில் சுலபம். 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய முதல்வரின் தாயுமானவர் திட்டம் வீட்டுக்கே பொருள் கொண்டுவருவதற்கானது. தொடங்கியபோது 70 வயது கடந்தவர்களும் மாற்றுத்திறனாளிகளும் மட்டும் உள்ள அட்டைகளை அதில் சேர்த்தார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. அம்மாவின் கார்டில் உங்கள் தம்பியின் பெயர் இன்னும் இருந்தால், பட்டியல் எடுக்கும்போது ‘வீட்டில் இளையவர் இருக்கிறார்’ என்று கணினி விலக்கிவிடும். தம்பி வேறு ஊரில் தனிக் குடித்தனம் என்றால், கார்டிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டு, பிறகு அம்மாவை இந்தத் திட்டத்தில் சேர்க்கக் கடையில் கேளுங்கள்.

கல்யாணமாகி ஒரு வருஷம். மாமனார் வீட்டு மாடியில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறோம். புதுக் கார்டுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தும் நிராகரித்துவிட்டார்கள். காரணம் ஒரே வரி: “தனி சமையல் இல்லை.”
– வாசகி, பொள்ளாச்சி

குடும்ப அட்டைக்குக் குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள். உறவு, பத்திரம், வாடகை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆர்.ஐ. வந்தால் அவர் பார்ப்பது சமையலறையைத்தான். அடுப்பு, சிலிண்டர், அரிசி, மளிகை டப்பா, பாத்திரம் கழுவுமிடம். மாடியில் ஒரு மேஜை மேல் மின் அடுப்பை மட்டும் வைத்துவிட்டு, சாப்பாட்டைக் கீழே சாப்பிடும் வீடுகளை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். அவர் வரும் நேரத்தில் மாடி பூட்டியிருந்து, கீழே மாமியார் “எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம்” என்று பெருமையாகச் சொன்னாலும் முடிந்தது கதை. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

மூன்றாம் முறை போடும்முன் இந்த வரிசையைக் கவனியுங்கள்.

உங்கள் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலும், கணவர் பெயர் மாமனார் கார்டிலும் இருக்கும் வரை புது விண்ணப்பத்தில் ஆதார் எண்ணை ஏற்காது. ஒரே ஆதார் இரண்டு அட்டையில் இருக்க முடியாது. பெயர் நீக்கத்துக்கு அந்தந்தக் கார்டின் பதிவு எண்ணுக்கு ஓ.டி.பி. போகும். அதனால் அப்பாவும் மாமனாரும் போனோடு பக்கத்தில் இருக்கும் நாளில் உட்காருங்கள். உங்களுக்குத் திருமணப் பதிவுச் சான்று அல்லது அழைப்பிதழைக் காரண ஆவணமாக இணைக்கலாம். நீக்கம் ஏற்கப்பட்டதும் வரும் சான்றைப் பத்திரமாக வையுங்கள். இடைப்பட்ட நாட்களில் நீங்கள் எந்தக் கார்டிலும் இருக்க மாட்டீர்கள். ஆகையால் அந்த இடைவெளி நீளாதபடி மற்ற காகிதங்களை முன்கூட்டியே தயார் செய்துகொண்டு பெயர் நீக்கத்துக்குப் போங்கள்.

சிலிண்டர் இணைப்பு மாமனார் பெயரில் ஒன்றே ஒன்றுதான் என்றால், ‘தனி அடுப்பு’ என்பதை நம்ப வைப்பது கஷ்டம். முடிந்தால் கணவர் பெயரில் தனி இணைப்பு எடுத்துவிட்டு விண்ணப்பியுங்கள். மாடிக்குத் தனி மின் இணைப்பு இருந்தால் அந்த ரசீதே நல்ல முகவரிச் சான்று. இல்லாவிட்டால் வாடகை ஒப்பந்தம், வங்கிப் புத்தகம், வாக்காளர் அட்டை என ஏதாவது ஒன்றில் ‘மாடி’ என்பது எழுத்தில் இருக்கட்டும். கீழ்வீட்டுக் கதவு எண்ணையே நீங்களும் போட்டால், ஏற்கெனவே கார்டு உள்ள முகவரி என்று காட்டும்.

விண்ணப்பத்தில் அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, பொருளில்லா அட்டை என்றுதான் தேர்வு வரும். அவசரத்தில் சர்க்கரை அட்டையைத் தட்டிவிட்டு, பிறகு அரிசிக்கு மாற அலைபவர்கள் இருக்கிறார்கள். 2019 நவம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றச் சில நாட்கள் அரசே வாய்ப்புக் கொடுத்தது. எப்போதும் திறந்திருக்கும் கதவல்ல அது. குடும்பத் தலைவராக உங்கள் பெயரையே போடுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறைந்த மூத்த பெண்ணைத்தான் குடும்பத் தலைவர் என்கிறது.

பெயர் எழுத்து, தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். ஆதாரில் தவறு இருந்தால் அதை முதலில் திருத்துங்கள். கார்டில் சரியாகவும் ஆதாரில் தப்பாகவும் இருந்தால் கடை மெஷின் ஆதார் பக்கம்தான் நிற்கும்.

அப்பா இறந்து எட்டு மாதம். கார்டு அவர் பெயரில்தான் ஓடுகிறது. அப்படியே விட்டால் தப்பா?
– வாசகர், மன்னார்குடி

தப்புதான். இறப்புச் சான்று வாங்கியதும் அவர் பெயரை நீக்கி, அம்மாவைக் குடும்பத் தலைவராக்க விண்ணப்பியுங்கள். இரண்டும் தமிழ்நாடு பொது விநியோகத் திட்ட (டி.என்.பி.டி.எஸ்.) இணையதளத்திலேயே ஆகும். அம்மாவின் புகைப்படமும் இறப்புச் சான்றும் போதும். பலர் மாட்டிக்கொள்வது போன் எண்ணில். பதிவு எண் அப்பாவுடையது, சிம் காலாவதி, ஓ.டி.பி. எங்கோ போகிறது என்றாகிவிடும். அந்த நிலை வந்தால் இணையத்தில் முட்டிக்கொண்டிருக்காமல், இறப்புச் சான்று நகலோடு வட்ட வழங்கல் அலுவலகத்தில் எண் மாற்ற மனு கொடுங்கள். சிம் இன்னும் உயிரோடு இருந்தால் இன்றைக்கே ரீசார்ஜ் செய்து, மாற்றம் முடியும் வரை வைத்திருங்கள்.

பெங்களூரில் கட்டட வேலைக்கு வந்திருக்கிறோம். கார்டு தருமபுரி மாவட்டத்தில். இங்கே ரேஷன் வாங்க முடியும் என்கிறார்களே?
– வாசகர், பெங்களூரு

மறுபடியும் குறியீடுதான். பி.எச்.எச். அல்லது அந்தியோதயா என்றால் முடியும். என்.பி.எச்.எச். என்றால் முடியாது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ மத்திய சட்டத்தில் வரும் அட்டைகளுக்கு மட்டும். உங்கள் அரிசி மாநில அரசுச் செலவில் வருவதாக இருந்தால் அதைக் கர்நாடகக் கடையில் இறக்க வழியில்லை. தமிழ்நாடு இந்தத் திட்டத்தில் 2020 அக்டோபரில் சேர்ந்தது.

முன்னுரிமை அட்டை என்றால், ஆதார் இணைந்த உறுப்பினர் ஒருவர் அங்குள்ள நியாய விலைக் கடையில் கார்டு எண்ணைச் சொல்லி விரல் வைத்தால் போதும். ஆளுக்கு 5 கிலோ தானியம் மட்டும், இலவசம். பருப்பு, பாமாயில், சர்க்கரை எல்லாம் ஊரில்தான். குடும்பம் பாதி ஊரில், பாதி பெங்களூரில் என்றால் கொஞ்சம் இங்கே, மிச்சம் அங்கே என்று பிரித்தும் வாங்கலாம். கணக்கு ஒன்றுதான் என்பதால், ஊரில் அம்மா மொத்தத்தையும் வாங்கிவிட்டால் இங்கே ‘பாக்கி இல்லை’ என்று காட்டும். மாதத் தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே வேறு ஊர் என்றால் குறியீடு பார்க்க வேண்டியதில்லை. எந்தக் கடையிலும் விரல் வைத்து வாங்கலாம். “எங்க கார்டுகாரங்களுக்கே பத்தல” என்று இழுப்பார்கள். மாத நடுவில், சொந்தக் கார்டுகளுக்குக் கொடுத்து முடிந்த நேரத்தில் போனால் வேலை நடக்கும்.

ரேஷன் அரிசியை ஊறவைத்தால் சில மணிகள் மேலே மிதக்கின்றன. நிறமும் கொஞ்சம் மஞ்சள். பிளாஸ்டிக் அரிசி என்று வீட்டில் பொறுக்கிப் போடுகிறார்கள்.
– வாசகி, ஈரோடு

பொறுக்க வேண்டாம், பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து, அரிசி வடிவிலேயே மெஷினில் அழுத்தி எடுத்த மணிகள் அவை. நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலப்பார்கள். செறிவூட்டப்பட்ட அரிசி என்பது இதுதான். தமிழ்நாட்டில் 2020-இல் திருச்சி மாவட்டத்தில் முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். மாவைப் பிசைந்து செய்ததால் உள்ளே நுண்ணிய காற்று இடைவெளி இருக்கும், அதனால் சில மணிகள் மிதக்கும். நிறம் அதில் சேர்த்த சத்துக்கலவையால் வருவது. சந்தேகமிருந்தால் நாலைந்து மணியைத் தனியாக வேகவையுங்கள். வெந்து குழைந்தால் அது மாவுதான்.

கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த அளவு. நாலைந்து தண்ணீர் மாற்றித் தேய்த்துக் கழுவினால் மணிகளின் மேல்பக்கச் சத்து கரைந்து போகும். ஒன்றிரண்டு முறை அலசினால் போதும். மிதப்பதைத் தண்ணீரோடு சாய்த்து ஊற்றிவிடாதீர்கள். வீட்டில் தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர் இருந்தால், டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

உண்மையிலேயே கெட்ட அரிசி வேறு மாதிரி இருக்கும். புழுங்கிய நாற்றம், கையில் கட்டி கட்டியாக ஒட்டுவது, வண்டு, கறுத்த மணி. அதை வாங்கிவந்து வீட்டில் திட்டுவதால் பயனில்லை. கடையிலேயே மூட்டையைப் பார்த்து, வேறு மூட்டையிலிருந்து போடச் சொல்லுங்கள். வேறு மூட்டையே இல்லை என்றால் பில் போடாமல் திரும்பி வந்து 1967-இல் சொல்லுங்கள். பில் போட்ட பிறகு அது உங்கள் அரிசி என்றாகிவிடும்.

20 கிலோ என்று பில். வீட்டில் எடை போட்டால் 18.600. கடையில் கேட்டால் “உங்க தராசு சரியில்ல” என்கிறார்கள்.
– வாசகர், காரைக்குடி

வீட்டுத் தராசை வைத்து வாதாட முடியாது. கடைத் தராசையே வைத்துக் கேளுங்கள். நிறுக்கும் முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அரிசி அள்ளும் டின்னைத் தராசில் வைத்து, அதன் எடையைக் கழித்துப் பூஜ்யமாக்கியிருக்கிறார்களா என்பது இரண்டாவது. அதைக் கழிக்காமல் ஒவ்வொரு டின்னாக நிறுத்துக் கொட்டினால், ஒவ்வொரு முறையும் டின் எடை உங்கள் கணக்கில் ஏறும். 20 கிலோவை நான்கு தடவையாகப் போட்டால் டின் எடை நான்கு தடவை போகிறது. குறைவு பெரும்பாலும் இங்கேதான்.

தராசின் மேலேயே சந்தேகம் என்றால் கடையிலேயே சோதனைக் கல் இருக்கிறது. பிரிக்காத பாமாயில் பாக்கெட்டை எடுத்துத் தட்டில் வையுங்கள். உறை மேல் நிகர எடை கிராமில் அச்சிட்டிருக்கும். ஒரு லிட்டர் என்றால் வழக்கமாக 910 கிராம். உறைக்குச் சில கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். திரை 980 என்றோ 1,000 என்றோ காட்டினால் தராசு கூட்டிச் சொல்கிறது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை போட வேண்டும். அந்த முத்திரை பற்றிய புகாரைத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்கும் அனுப்பலாம்.

பருப்பும் பாமாயிலும் மாதக் கடைசி வரை வரவே இல்லை. அடுத்த மாதம் சேர்த்துக் கொடுப்பார்களா?
– வாசகி, நாகப்பட்டினம்

பொது விதிப்படி மாதம் முடிந்தால் அந்த ஒதுக்கீடும் முடிந்தது. மாநிலம் முழுக்கத் தட்டுப்பாடு என்றால் அரசு தனியாக உத்தரவு போட்டு அடுத்த மாதம் வாங்க அனுமதிக்கும். 2024 மே மாதப் பருப்பு, பாமாயிலை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டது அப்படித்தான். உங்கள் கடையில் மட்டும் வரவில்லை என்றால் அந்த உத்தரவு உதவாது. அதனால் 20-ஆம் தேதிக்கே விசாரியுங்கள். முன்பு சொன்ன அதே எஸ்.எம்.எஸ். எண்ணுக்கு 107-க்குப் பதில் 101 என்று அனுப்பினால் உங்கள் கடையின் இருப்பு தெரியும். 102 என்றால் கடை திறந்திருக்கிறதா என்று வரும். இருப்பில் பருப்பு காட்டி, கடையில் இல்லை என்றால், உடனே புகார்.

ஆறு மாதமாகப் பொருள் வாங்கவில்லை. கார்டு ரத்தாகிவிடுமா?
– வாசகர், தாம்பரம்

முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளுக்கு 2025-இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வாங்காத அட்டையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, நேரில் விசாரித்து முடிவெடுக்க வேண்டும். கூடவே ஐந்து ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு உறுப்பினரும் கடையில் விரல் வைத்து இ-கே.ஒய்.சி. எனும் அடையாளச் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். ஒருவர் வைத்தால் குடும்பம் முழுவதற்கும் ஆகாது. வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் அங்குள்ள கடையிலேயே வைக்கலாம்.

முகவரிச் சான்றுக்காக மட்டும் கார்டு வேண்டும், அரிசி தேவையில்லை என்றால் பொருளில்லா அட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள். கார்டை வேறொருவரிடம் கொடுத்து அரிசியை அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட வேண்டாம். அந்த அரிசி கடத்தல் மூட்டையில் பிடிபட்டால், அத்தியாவசியப் பொருள் சட்ட வழக்கின் விசாரணை உங்கள் வீட்டுக் கதவையும் தட்டும்.

உப்பு, டீத்தூள், சோப்பு வாங்கினால்தான் பருப்பு என்கிறார்கள். கட்டாயமா?
– வாசகி, அரக்கோணம்

இல்லை. அவை கட்டுப்பாடற்ற பொருட்கள், கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனைக் கணக்குக்காக வைத்திருப்பவை. மேலிருந்து இலக்கு கொடுப்பதால் விற்பனையாளர் உங்கள் தலையில் கட்டுகிறார். அவர் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் நீங்கள் வாங்க வேண்டியதில்லை. “பில்லுல இருக்கறதுக்கு மட்டும் காசு தரேன்” என்று சொல்லி, பில்லில் அச்சான தொகையை மட்டும் கொடுங்கள். மறுத்தால் மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமில் மனு கொடுங்கள். பெயர் சேர்ப்பு, நீக்கம், போன் எண் மாற்றம் போன்றவற்றையும் அங்கே ஒரே நாளில் முடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. கார்டு, எல்லோருடைய ஆதார் நகல், பதிவு செய்த போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.